கல்லுதைக்கிற ஓரியே

என் அண்ணி ஓரியேவை நாட்டில் பாதிப்பேர் பேய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் மலையின் அடிவாரத்தைக்கூடப் பார்த்ததில்லை. போனில் ஒரு குட்டிப் படத்தைப் பார்த்தார்கள், பேய் என்றார்கள், அடுத்த படத்துக்கு விரலைத் தள்ளிவிட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் படத்தில் இருப்பது இவ்வளவுதான். மலைமுகட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கற்குவியல். அதன் உச்சியில் செருகிய, குச்சியில் சுழலும் சிவப்புக் காகிதக் காற்றாடி. தலையில் துண்டு கட்டிய நரைத்த பெண்மணி ஒருத்தி வருகிறாள். காற்றாடியை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறாள். இடது காலைத் தூக்கிக் குவியலை எட்டி ஒரு உதை விடுகிறாள். கற்கள் சரிந்து உருள்கின்றன. படம் எடுத்தவன் "ஐயையோ" என்கிறான். முடிந்தது.

செத்துப்போன குழந்தைகள் அக்கரைக்குப் போக வழியில்லாமல் ஆற்றோரம் உட்கார்ந்து, அப்பாவுக்கு ஒன்று அம்மாவுக்கு ஒன்று என்று கல்லடுக்கும், இரும்புத் தடியோடு பேய் வந்து அதைத் தட்டிவிட்டுப் போகும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கதை. காற்றாடி செருகிய குவியல் என்றால் செத்த பிள்ளைக்காக யாரோ அடுக்கியது என்று அர்த்தம். அதை உதைத்தவளை வேறு என்னவென்று சொல்வார்கள்?

அண்ணி பிறந்தது ஹிமியில், கடலோரத்தில், மீன் கடைக்காரர் வீட்டில். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஹிடா மலைத்தொடரின் நடுமுதுகில், மலையேறுகிறவர்கள் தங்கிப்போகிற எங்கள் ஓட்சுசுமி குடிலுக்கு ஏறி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து சேர்ந்ததும் புதுப்பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இங்க மனுஷங்க எதுக்காக ஏறி வர்றாங்க?" அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு விறகு வெட்டப் போய்விட்டார். அண்ணனுக்கு முழங்கால் தேய்ந்து அவன் அடிவாரத்தோடு நின்றுவிட்ட பிறகு குடில் அண்ணியின் கைக்கு வந்தது. அடுப்பு என் கைக்கு வந்தது.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஈரக் காலணியோடு மெத்தை விரிப்பில் ஏறியவனை மழையில் வெளியே நிறுத்தியிருக்கிறார். பேர்பெற்ற சிகரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கணக்குச் சேர்க்கிற ஆட்கள் உண்டு. வடக்கே இருக்கிற கமேகுரா அந்தக் கணக்கில் சேர்த்தி, எங்கள் ஓட்சுசுமி சேர்த்தி இல்லை. அப்படி ஒருவர் குளிர்காய்ந்துகொண்டே, "அம்மா, உங்க சிகரத்துல ஏறினா என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. ஏறாம போங்க. என் சிகரத்துக்கும் உங்களால பிரயோஜனம் இல்ல" என்றார் அண்ணி.

இதெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபம் கற்குவியல்மேல்தான்.

கமேகுராவிலிருந்து எங்கள் குடிலுக்கு வருகிற வழியில் குதிரைமுதுகு என்று ஓர் இடம். முகடு அங்கே மைதானம்போல அகன்றுவிடும். சரளைக்கல், சரளைக்கல், அங்கங்கே ஒரு பாறை, வேறொன்றும் கிடையாது. புதரோ கம்பமோ இல்லை. மூடுபனி இறங்கினால் உன் காலே உனக்குத் தெரியாது. அதனால் பாறைகளில் வெள்ளைப் பெயின்டால் வட்டம் போட்டிருப்போம், இந்த வழி வா என்று. போகக் கூடாத பக்கம் பெருக்கல் குறி. வட்டம் போடப் பெரிய பாறை இல்லாத இடத்தில் மட்டும் கல்லைக் குவித்து வைப்போம். மலையேறுகிற எவனுக்கும் தெரியும், குவியல் என்றால் பாதை. மலை அரசாங்கத்தினுடையது. பாதைக்குப் பெயின்ட் வாங்குவதும், குறி அழிந்தால் மறுபடி போடுவதும், பனி உருகினதும் சங்கிலியைச் சரிபார்ப்பதும் குடில்காரன் தலைமேல். காலங்காலமாக அப்படித்தான். யாரைக் கேட்டாலும் வழக்கம் என்பார்கள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் செலவு யாருடையது என்று கேட்க வேண்டாம் பாருங்கள்.

மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு குவியலைப் பார்த்தால் தானும் ஒன்று அடுக்கவேண்டும், பக்கத்தில் நின்று படம் பிடிக்கவேண்டும். அடுத்து வருகிறவன் அதன்மேல் தன் பங்குக்கு ஒரு கல் வைப்பான். பத்துப்பேர் கை பட்டால் அது பாதைக் குவியல் மாதிரியே ஆகிவிடும். குதிரைமுதுகின் நடுவில் நல்ல பாதை வலப்பக்கம் வளையும். இடப்பக்கம் ஒரு கிளைமுகடு இறங்கும். அந்தக் கிளை இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. நல்ல பாதையைவிடச் சுகமாக இருக்கும். புல் மெத்தை, மெல்லிய சரிவு, பூ வேறு. கொஞ்சதூரம் போனால் மக்கிய பாறையில் வெட்டினமாதிரி முடிந்துவிடும். அதற்குக் கீழே பள்ளத்தாக்குதான்.

அண்ணி அந்த வழியில் தினமும் நடப்பார். பாதைக்குச் சம்பந்தமில்லாத குவியல் எதைக் கண்டாலும் உதைப்பார், எப்போதும் இடது காலால். வருஷா வருஷம் இடது காலணிதான் முதலில் வாய் பிளக்கும். அண்ணன் அடிவாரத்திலிருந்து புதுச்சோடி அனுப்பும்போதெல்லாம், "உன் அண்ணிக்கு இடது கால் மட்டும் விக்கிற கடை இருந்தா நல்லாருக்கும்டா" என்று சிரிப்பான்.

ஷுன்பேய் என்ற கல்லூரிப் பையன் செத்தது அந்தக் கிளைமுகட்டில்தான். கமேகுராவிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தான். இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்திருந்தவன் வரவில்லை. அவனுக்கென்று எடுத்துவைத்த கறிக்குழம்பும் சோறும் அப்படியே ஆறிப்போயின. விடிந்ததும் மீட்புக்குழுவுக்கு முன்னால் அண்ணி கிளம்பினார். இடப்பக்கக் கிளை தொடங்குகிற இடத்தில், நாங்கள் போட்ட பெருக்கல் குறியை மறைத்துக்கொண்டு, யாரோ இடுப்புயரம் கல்லடுக்கி வைத்திருந்தார்கள். மேலே பல் மாதிரி ஒரு நீளமான வெள்ளைக்கல் நட்டிருந்தது. முந்தின நாள் குடில் நிரம்பி வழிந்தது, அண்ணியால் நடக்கப் போக முடியவில்லை. அந்த ஒரு நாளில் முளைத்த குவியல். அதை உதைத்துச் சிதறடித்துவிட்டு, வெள்ளைக்கல்லைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, அண்ணி கிளையில் இறங்கினார். பையனைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அவனுடைய பை, கேமரா எல்லாவற்றையும் மீட்புக்குழு எடுத்துக்கொண்டு போனது.

அடுத்த கோடையில் அதே இடத்தில் காற்றாடி செருகிய குவியல் ஒன்று முளைத்தது. அடுக்கியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. காற்றாடி ஏன் என்று தெரியும். தெரிந்துதான் அண்ணி காற்றாடியை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தினார். பிறகுதான் உதைத்தார். எவனோ ஒருவன் தூரத்திலிருந்து படம் பிடித்தான். மிச்சத்தை நாடே பார்த்தது.

அதன்பிறகு குடிலின் தொலைபேசி ஓயவில்லை. முன்பதிவு செய்தவர்கள் வரவில்லை என்றார்கள். பதிவு செய்யாதவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பேய்க்கு என்ன சாப்பாடு போடுகிறாய் என்று என்னிடம் கேட்டான் ஒருத்தன். கறிக்குழம்புதான், உனக்கும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா என்று கத்திவிட்டு வைத்தேன்.

அடிவாரச் சுற்றுலாச் சங்கத்தின் தலைவர் ஓகுமுரா ஏறி வந்தார். பின்னாலேயே ஒரு கேமராக்காரன். அவனுக்குப் பின்னால் மெலிந்த பெண்மணி ஒருவர். ஷுன்பேயின் அம்மா, மிட்சுயோ.

ஓகுமுராவின் பேச்சு எப்போதும் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். "ஓரியே அக்கா, நாளைக்குக் காலையில அந்த இடத்துல கல்லை மறுபடி அடுக்கறோம். நீங்க குனிஞ்சு ஒரு மன்னிப்பு. அவ்வளவுதான். சீசன் பாழாகுதில்ல? எல்லாக் குடிலுக்கும் கெட்ட பேரு."

"கல்லு அங்க நிக்கக் கூடாது, தலைவரே."

"ஒரு குவியல்தான அக்கா? குடில் நிக்கிறது குத்தகை நிலம். புதுப்பிக்கிற நேரம் வேற. நான் சொல்லணுமா?"

எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. அண்ணி பதில் சொல்லுமுன் மிட்சுயோ குறுக்கே வந்தார். சண்டைக்கென்றே ஏறி வந்தவரின் முகம் அது.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"இல்ல."

"அதான். இதைப் பாருங்க. என் பிள்ளை கடைசியா தன்னைத்தானே எடுத்துக்கிட்ட படம்." பையிலிருந்து சட்டம் போட்ட புகைப்படம் ஒன்றை எடுத்து அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "அவன் கையால அடுக்கின கல்லு. எவ்வளவு சந்தோஷமா நிக்கிறான் பாருங்க. வீட்டுல இதுக்குத்தான் தினமும் விளக்கேத்துறேன். பின்னால தெரியற மலையை வச்சு இடத்தைத் தேடிப்பிடிச்சேன். கல்லைக் காணோம். அதனாலதான் நான் அடுக்கினேன். அதையும் உதைச்சிட்டீங்களே, நீங்க மனுஷிதானா?"

அண்ணி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"ரெய்ஜி, அது அவன் அடுக்கினது இல்லடா" என்றார். குரல் அடியோடு இறங்கியிருந்தது. "அந்த வெள்ளைக்கல்லு உச்சியில நிக்குது. நான் பள்ளத்துல எறிஞ்சேன்ல, அதேதான். யாரோ அடுக்கினதைப் பார்த்து, பாதை கிடைச்சிடுச்சேன்னு அதுமேல கைய வச்சு சிரிக்கிறான். பின்னால பனி மூட ஆரம்பிச்சிருக்கு. சிரிச்சிட்டு நேரா இடப்பக்கம் இறங்கியிருக்கான்."

"அப்ப போய்ச் சொல்லுங்க அண்ணி! இந்த ஒரு வார்த்தை போதும். எல்லார் வாயும் அடைஞ்சிரும்!"

"சொல்லு, சொல்லு. நீ விளக்கேத்திக் கும்பிடுறது உன் பிள்ளையக் கொன்ன கல்லுன்னு சொல்லு. அவ இந்த மலையிலிருந்து உசுரோட இறங்குவாளா?"

"அவங்க உங்களைப் பேயிங்கறாங்க!"

"சொல்லிட்டுப் போறாங்க. நீ வாயத் திறந்தேன்னு வச்சுக்கோ, நாக்கை அறுத்து சூப்புல போட்டுருவேன்." கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அன்று நான் வைத்த சூப்பில் உப்பு அதிகம். ஓகுமுரா முகம் சுளித்தபோது கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

காலையில் குதிரைமுதுகில் ஓகுமுராவே கல்லடுக்கினார், கேமராவுக்கு முகத்தைத் திருப்பித் திருப்பி. மிட்சுயோ புதுக் காற்றாடியைச் செருகினார். அண்ணி முன்னால் வந்தார். மண்டியிட்டார். சரளையில் நெற்றி பட விழுந்து, "என்னை மன்னிச்சிருங்க, அம்மா" என்றார். அவர் யாரிடமும் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அப்படியே கிடந்தார். ஓகுமுரா மூக்கை உறிஞ்சினார். கேமராக்காரன் இன்னும் கிட்டத்தில் போனான்.

பிறகு எழுந்தார். நெற்றியில் ஒட்டிய பொடிக்கல்லைத் தட்டினார். காற்றாடியை உருவி, இரண்டு கைகளாலும் மிட்சுயோவின் கையில் கொடுத்தார்.

"மன்னிப்பு இதுக்குத்தான் கேட்டேன்" என்றார். இடது காலைத் தூக்கி உதைத்தார்.

ஓகுமுரா அலறினார். மிட்சுயோ கையிலிருந்த நடைக்கோலால் அண்ணியை அடிக்கத் தொடங்கினார். தோளில், முதுகில், கையில். அண்ணி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நான் பாய்ந்து போய், "ஏம்மா, உங்க பையன்..." என்று ஆரம்பித்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் விழுங்கியதிலேயே கசப்பானது அந்த மிச்ச வாக்கியம்தான். கோல் வளையும்வரை மிட்சுயோ அடித்தார், பிறகு அதை எறிந்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் படமும் ஊரெல்லாம் ஓடியது. சங்கம் அடித்த புது வழிப்படத்தில் எங்கள் குடில் இல்லை. கமேகுரா இருக்கிறது, ஓட்சுசுமி சிகரம் இருக்கிறது, நடுவில் படுக்க இடமே இல்லாத மாதிரி ஒரு கோடு மட்டும் போகிறது. குத்தகையை ரத்துசெய்யவும் ஓகுமுரா ஓடியாடிப் பார்த்தார். அப்படியானால் குதிரைமுதுகின் பாதையை இனி யார் பார்த்துக்கொள்வது என்று எவரோ கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்களாம். பேச்சு அதோடு நின்றது.

வயிற்றெரிச்சல் அதோடு முடியவில்லை. படம் பார்த்தவர்கள் அந்த இடத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பாவம் அந்தப் பையன், பேய் தட்டிவிட்ட கல்லை நாம் அடுக்குவோம் என்று. நல்ல மனசுக்காரர்கள்! நல்ல மனசோடு ஆளாளுக்கு ஒரு கல் வைத்து, பெருக்கல் குறியை மூடிவிட்டுப் போனார்கள். அண்ணி காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை என்று போய் உதைத்தார். நல்ல மனசை உதைத்து உதைத்து அவர் கால்விரல் நகம் கறுத்துப்போனது.

அடுத்த கோடையில் மிட்சுயோ தனியாக வந்தார். குடிலுக்குள் நுழையாமல், வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தும் பார்க்காதவர்போல, நேராகக் குதிரைமுதுகை நோக்கி நடந்தார். அவருடைய பையில் காற்றாடி தெரிந்தது.

"ரெய்ஜி, பின்னாலயே போ" என்றார் அண்ணி. "மேகம் இறங்குது. அவ கண்ணுல படாத."

"நீங்க போகலையா?"

"என்னைப் பார்த்தா பனியிலயும் சண்டைதான் போடுவா. போடா."

போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் நின்றது, காலையில் யாரோ புண்ணியவான் அடுக்கியது. மிட்சுயோ அதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். காற்றாடியைச் செருகிவிட்டுச் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் பாறை மறைவில் நின்றேன். பனி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குவியலும் அவரும் மட்டும்தான் தெரிந்தார்கள், அதுவும் மங்கலாக.

கமேகுரா பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. முதுகுப்பையோடு ஒருவன், இளவயசுக்காரன். தலையைக் குனிந்து வட்டத்தைத் தேடித் தேடித் தடுமாறி வந்தான். குவியலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா!" என்று சத்தமாகவே சொன்னான். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரித்தான். கீழே கிடந்த கல்லில் ஒன்றைப் பொறுக்கி உச்சியில் வைத்தான். பிறகு நிம்மதியாக இடப்பக்கம் திரும்பிப் புல்லில் இறங்கினான்.

நான் பாறையிலிருந்து பாயுமுன் மிட்சுயோவின் குரல் வந்தது. அது மனிதக் குரலாகவே இல்லை. "போகாத! அங்க போகாதடா! வா! திரும்பி வா!"

நான் ஓடிப்போய் அவன் பையைப் பிடித்து இழுத்தேன். கிளையில் எட்டுவைத்துவிட்டிருந்தான். அவனுக்குக் குழப்பம். "என்னங்க? பாதை இதுதான? கல்லு இருக்கே" என்றான். வட்டமிட்ட பாறையைக் காட்டி அவனை வலப்பக்கம் அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

மிட்சுயோ குவியலுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். கையில் சட்டம் போட்ட படம். படத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அண்ணி என் நாக்கை அறுத்தாலும் சொல்லியிருப்பேன். படத்தைப் பைக்குள் வைத்தார். காற்றாடியை உருவி அதையும் வைத்தார். பிறகு உதைத்தார். ஒரு உதையில் அது விழவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, பிள்ளையின் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டு, கடைசிக் கல் உருளும்வரை உதைத்தார். அவர் போட்டிருந்தது மெல்லிய துணிக் காலணி.

குடில்வரை நொண்டிக்கொண்டே வந்தார். அண்ணி உள்ளே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிட்சுயோ காலணியைக்கூடக் கழற்றாமல் நேராக அவர் முன்னால் போய் நின்றார். வேறு யாராவது அப்படி நுழைந்திருந்தால் மழையில் நின்றிருப்பார்கள்.

"தெரிஞ்சிருக்கு உனக்கு" என்றார் மிட்சுயோ. "அன்னைக்குப் படத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சிருக்கு. ஏன்டி சொல்லல? அடிச்சேனே உன்னை! கோல் வளையற வரைக்கும் அடிச்சேனே! அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். மிட்சுயோவின் கால்களைக் குனிந்து பார்த்தார். வலது காலணியின் முனையில் துணி கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"எந்தக் காலால உதைச்ச?" என்றார்.

"என்னது?"

"கேக்கறேன்ல. எந்தக் கால்?"

"வலது."

"அறிவு கெட்டவளே" என்றார் அண்ணி. அதே பழைய கோபம், அதே குரல். ஆனால் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "இடதுலதான் உதைக்கணும். ஊன்றி இறங்கறதுக்கு வலது கால் வேணும்."

மிட்சுயோவை உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். நான் அடுப்புக்கு ஓடினேன்.